கணக்கிடும் இயந்திரமும் கணக்குக் கேட்கும் இறைவனும்

(ஜும்ஆ உரை)

 

 

இந்த வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் மிம்பருக்குப் புதியது. 'செயற்கை நுண்ணறிவு' என்று இன்று எல்லோரும் பேசுகின்ற கணினித் தொழில்நுட்பத்தைப் பற்றியும், அதை நீதியின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருப்பது பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். "தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிப் பேசவேண்டிய ஹஜ்ரத் கணினியைப் பற்றிப் பேசுகிறாரே!" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஒரு மனிதனுடைய உரிமையை இன்னொரு மனிதன் பறிப்பது ஹக்குல் இபாத் சார்ந்த பாவம். அந்தப் பறிப்பை மனிதன் தன் கையால் செய்தாலும், ஓர் இயந்திரத்தை முன்னிறுத்திச் செய்தாலும் பாவம் பாவமே. ஆகவே இது மார்க்கத்தின் விஷயமேயன்றி வேறில்லை.

பெயரிலேயே இருக்கும் வரலாறு

இந்த இயந்திரங்களை இயக்கும் கணக்கு முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். இந்தச் சொல் ஒரு முஸ்லிம் அறிஞருடைய பெயரிலிருந்து பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீஃபா மஃமூனுடைய காலத்தில், பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றியவர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ. அவருடைய நூல்கள் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது 'அல்குவாரிஸ்மீ' என்ற பெயர் திரிந்து 'அல்காரிதம்' ஆயிற்று. அவர் எழுதிய 'அல்ஜப்ர்' நூலின் தலைப்பிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்ற சொல்லும் வந்தது.

அந்த நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது! ஒருவர் மரணித்தால் அவருடைய மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன்காரனுக்கு எவ்வளவு என்று பிசகின்றிப் பிரித்துக் கொடுப்பதற்காகவே அந்த மேதை தம் கணக்கைப் பயன்படுத்தினார். உரியவருக்கு உரியதைச் சேர்ப்பது அவருடைய கணக்கின் பயன்களில் ஒன்றாக இருந்தது.

அன்பர்களே! அவருடைய பெயரைத் தாங்கிய கணக்கு முறை, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்குப் பிறகு, உரியவர்களிடமிருந்து உரியதைப் பறிக்கும் கருவியாக ஒரு நாட்டில் பயன்படுத்தப்பட்டது. அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நெதர்லாந்தில் நடந்தது என்ன?

ஐரோப்பாவின் வளமிக்க நாடுகளுள் ஒன்று நெதர்லாந்து. வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுச் செல்வதற்கு அந்நாட்டு அரசு உதவித்தொகை வழங்குகிறது. அதை வழங்கும் பொறுப்பு வரித்துறையிடம் இருந்தது.

2013-இல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கும்பல் உதவித்தொகையை மோசடி செய்தது அம்பலமானது. நாடெங்கும் கொந்தளிப்பு! மோசடியை ஒழிக்கவேண்டும் என்ற கூச்சல்! அதே ஆண்டில் வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. விண்ணப்பங்களை ஆராய்ந்து, எது சந்தேகத்திற்குரியது என்று அது மதிப்பெண் போடும். பழைய ஆவணங்களிலிருந்து தானாகவே 'கற்றுக்கொள்ளும்' இயந்திரம் அது. அது கவனித்த அம்சங்களில் ஒன்று, விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா இல்லையா என்பது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவருக்குச் சந்தேக மதிப்பெண் கூடும்.

அதிக மதிப்பெண் பெற்ற விண்ணப்பம் ஓர் அதிகாரியின் மேசைக்கு வரும். ஆனால், இது ஏன் சந்தேகத்திற்குரியது என்ற காரணம் அவருக்குச் சொல்லப்படாது. 'இயந்திரம் சொல்லிவிட்டது' என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாக எடுத்துக்காட்டியது.

அதன் பின் நடந்தவை நெஞ்சைப் பிளப்பவை. படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தது என்பது போன்ற சிறு பிழைகளுக்காக, பல ஆண்டுகள் பெற்ற உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்டுமாறு பெற்றோருக்கு உத்தரவு போனது. பல்லாயிரம் யூரோ! 'வேண்டுமென்றே மோசடி செய்தவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குத் தவணையில் கட்டும் சலுகையும் மறுக்கப்பட்டது. ஏறத்தாழ 26,000 பெற்றோர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். வேலை போயிற்று, வீடு போயிற்று, மணவாழ்வுகள் முறிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பராமரிப்பில் வைக்கப்பட்டிருந்ததை அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே பின்னர் கண்டறிந்தது. துருக்கி, மொராக்கோ போன்ற நாடுகளை வேராகக் கொண்ட நம் சகோதரக் குடும்பங்கள் அவர்களில் கணிசமாக இருந்தன.

"என் மீது என்ன குற்றம்?" என்று கேட்டுத் தம் கோப்பைப் பெற முயன்ற பெற்றோருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்ட காகிதங்கள்!

இங்கே ஓர் உண்மையை நேர்மையோடு சொல்லவேண்டும். இந்த அநீதி முழுவதையும் இயந்திரம் தனியாகச் செய்துவிடவில்லை. சட்டத்தின் கடுமை, அதிகாரிகளின் மனப்போக்கு, நீதிமன்றங்களின் அலட்சியம் அனைத்தும் சேர்ந்தே செய்தன. அதுதான் நாம் கவனிக்கவேண்டிய பாடம். மனிதர்களின் உள்ளத்தில் இருந்த சந்தேகத்திற்கு இயந்திரம் ஓர் எண்ணைக் கொடுத்தது. எண்ணாக வந்தவுடன் அது அறிவியல் போலத் தோன்றிற்று. எவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

உண்மை எப்படி வெளிவந்தது?

அல்லாஹ் எந்த நாட்டிலும் நீதிக்காகக் குரல் கொடுப்போரை ஏற்படுத்தியே வைத்திருக்கிறான். ஏவா கொன்சாலஸ் பெரஸ் என்ற பெண் வழக்கறிஞர் பல ஆண்டுகள் இக்குடும்பங்களுக்காக வாதாடினார். மக்கள் குறைகேட்கும் அலுவலர் 2017-இலேயே எச்சரித்து அறிக்கை கொடுத்தார். பீட்டர் ஓம்ட்ஸிக்ட், ரென்ஸ்கே லைட்டன் என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடாமல் கேள்வி எழுப்பினர்; அவர்கள் இருவரும் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்கள். செய்தியாளர்கள் ஆவணங்களைத் தோண்டி எடுத்தனர்.

2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இதுவரை கண்டிராத அநீதி இழைக்கப்பட்டது என்று அது முடிவு கூறியது. 2021 ஜனவரி 15-ஆம் நாள் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. குடியுரிமை விவரத்தைச் சட்டத்திற்குப் புறம்பாகப் பயன்படுத்தியதற்காக, தகவல் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு டிசம்பரில் வரித்துறைக்கு 27.5 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2022 மே மாதத்தில், வரித்துறைக்குள் நிறுவனரீதியான இனப்பாகுபாடு இருந்ததை அரசே ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறைந்தது 30,000 யூரோ இழப்பீடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும், அது உரியவர்களுக்குச் சென்று சேர ஆண்டுகள் பல உருண்டோடின. பிரிந்துபோன குழந்தைப் பருவத்தை எந்த யூரோ திருப்பித் தரும்?

இது ஒரு நாட்டோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015-இல் தொடங்கி 2019 வரை, அரசு உதவி பெற்ற ஏழைகள் மீது கணினியின் மூலம் கடன் சுமத்தப்பட்டது. அங்கே இருந்தது நுண்ணறிவு இயந்திரம்கூட அல்ல; வெறும் சராசரிக் கணக்கு! ஒரு மாணவர் ஆண்டில் ஆறு மாதம் வேலை செய்து, ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றிருப்பார். கணினியோ அவருடைய ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்திற்கும் சமமாகப் பிரித்து, 'நீ வேலை செய்துகொண்டே உதவி பெற்றிருக்கிறாய்' என்று கடன் எழுதியது. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மீது இவ்வாறு சட்டவிரோதக் கடன் விழுந்தது. அதை விசாரித்த அரச ஆணையம் 2023 ஜூலையில் கடுமையான அறிக்கையை அளித்தது.

மார்க்கத்தின் அளவுகோலில் இவை எங்கே பிழைத்தன?

அருமைச் சகோதரர்களே! நம் ஷரீஅத் வகுத்த நீதியின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலாவது: ஒரு மனிதன் பொறுப்பற்றவனாக, கடனற்றவனாகவே கருதப்படவேண்டும், அவன் மீது பழி சுமத்துபவனே சான்று கொண்டுவரவேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. உறுதியான ஒன்று சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது மற்றொரு பெரும் விதி. அந்த இரு நாடுகளிலும் இது தலைகீழானது. 'நீ மோசடிக்காரன் இல்லை என்று நீயே நிரூபி' என்று ஏழையிடம் சொல்லப்பட்டது.

இரண்டாவது: அலீ (ரலி) அவர்களை நீதிபதியாக யமனுக்கு அனுப்பியபோது, எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. கறுப்பு மை பூசிய காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர் எதற்கு பதில் வாதம் செய்வார்?

மூன்றாவது: ஒரு சமூகத்தாரின் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறு அல்ஹுஜுராத் 12-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிறந்த நாட்டையே சந்தேகத்தின் காரணமாக்குவது இவ்விரண்டையும் மீறுவதாகும்.

நான்காவது: குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282-ஐப் பாருங்கள். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் எழுதுவதைப் பற்றியது! எழுதுபவர் நேர்மையாக எழுதவேண்டும். யார் மீது கடன் உள்ளதோ அவரே வாசகத்தைச் சொல்லவேண்டும். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லவேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. ஏன்? தன் தலையில் எழுதப்படும் கடன் இன்னதென்று கடனாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனறியாமல் அவன் மீது கடன் எழுதுவதை இஸ்லாம் ஏற்கவில்லை. எழுதுபவன் மனிதனானாலும் கணினியானாலும் இதுவே சட்டம்.

நம் வீட்டில் நடந்தது

"எங்கோ ஐரோப்பாவில் நடந்ததற்கு நாம் என்ன செய்யமுடியும்?" என்று எண்ணாதீர்கள். நான் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சென்ற ரமளானில் நம் ஜமாஅத்தின் பைத்துல் மாலுக்கு ஜகாத் உதவி கேட்டு 180 மனுக்கள் வந்தன. அவற்றைப் பரிசீலிக்க நேரம் போதவில்லை. கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், மனுக்களிலிருந்த விவரங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்து, சந்தேகத்திற்குரியவற்றைப் பிரித்துத் தருமாறு கேட்டார். ஒரு நிமிடத்தில் 23 பெயர்கள் வந்தன. நிர்வாகிகள் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தார்கள். நானும் பட்டியலைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தராவீஹ் முடிந்து வெளியே வரும்போது, பள்ளியின் வாசலருகே ஒரு விதவைப் பெண் தன் மகனோடு நின்றிருந்தார். "ஹஜ்ரத், பணம் தராவிட்டால் பரவாயில்லை. நான் என்ன பொய் எழுதினேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த இளைஞரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. நெதர்லாந்தின் அதிகாரி எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலையில் நான் இருந்தேன். மறுநாள் விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஒரே கதவு எண்ணிலிருந்து இரண்டு மனுக்கள் வந்திருந்தன. முன்கட்டில் இவரும் பின்கட்டில் இவருடைய ஓரகத்தியும் தனித்தனியே குடியிருக்கிறார்கள். இருவருமே ஏழைகள்! தெருவில் உள்ள ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நானும் நிர்வாகிகளும் அந்த இல்லத்திற்குச் சென்று மன்னிப்புக் கேட்டு, அவருடைய பங்கைக் கொடுத்தோம். 23 மனுக்களையும் மீண்டும் நேரில் சென்று விசாரித்தோம். தகுதியற்றவை இரண்டே இரண்டு. அந்த 21 குடும்பங்களின் உரிமையை ரமளானில், பள்ளிவாசலின் பெயரால், என் கையொப்பத்தால் தடுக்கப் பார்த்தோம். ஜகாத் வசூலிக்க முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அநீதியிழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை ஏதுமில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரீயில் வருகிறது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை மிம்பரில் ஓதியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு குற்றமும் அதில் இருந்தது. ஏழைகள் நம்மை நம்பிக் கொடுத்த நோய், கடன், குடும்பத் தகராறு பற்றிய இரகசியங்களை அவர்களுடைய அனுமதியின்றி எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிட்டோம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா 58-ஆம் வசனம் கட்டளையிடுகிறதே! ஒருவருடைய இரகசியமும் அமானிதமல்லவா?

நம்பகத்திற்கு நம் முன்னோர் வைத்த அளவுகோல்

செயற்கை நுண்ணறிவு எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிமையாகப் புரிந்துகொள்ளுங்கள். மனிதர்கள் எழுதியவற்றையும் பதிவு செய்தவற்றையும் ஏராளமாக அதற்குக் கொடுக்கிறார்கள். அவற்றிலுள்ள ஒற்றுமைகளைக் கண்டு, அடுத்து எது வரக்கூடும் என்று அது கணிக்கிறது. பழைய பதிவுகளில் பாகுபாடு இருந்தால் பாகுபாட்டையும் கற்றுக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், சரளமான நடையில் இட்டுக்கட்டியும் சொல்லிவிடுகிறது.

2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். விமான நிறுவனம் ஒன்றிற்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் முன்மாதிரித் தீர்ப்புகளைக் காட்டி மனு அளித்தனர். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் உலகில் இல்லவே இல்லை! சாட்ஜிபிடி என்ற செயலி கற்பனையாக உருவாக்கித் தந்தவை. நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இந்த ஆபத்தை நம் முஹத்திஸீன்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஒரு ஹதீஸ் ஸஹீஹ் ஆவதற்கு அவர்கள் ஐந்து நிபந்தனைகள் வைத்தார்கள். அறிவிப்பாளர் தொடர் அறுபடாதிருக்க வேண்டும். அறிவிப்பாளர் நேர்மையாளராக இருக்கவேண்டும். நினைவாற்றல் உறுதியானவராக இருக்கவேண்டும். அவரைவிட வலுவானவர்களுக்கு முரண்படக் கூடாது. மறைந்திருக்கும் குறை எதுவும் இருக்கக்கூடாது. கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. 'உனக்கு இதை யார் சொன்னார்?' என்று கேட்டார்கள்.

இன்று இயந்திரத்திடமும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். இது எங்கிருந்து கற்றது? கற்றுக்கொடுத்தவர் யார்? எத்தனை முறை பிழைத்தது? யார் சோதித்தார்? பிழைத்தால் யார் பொறுப்பு? இவற்றிற்குப் பதில் இல்லாத இயந்திரம் ஸனத் இல்லாத செய்தியைப் போன்றது. அதன் மீது ஒரு மனிதனுடைய வாழ்வை ஏற்றக்கூடாது.

கண்காணிப்பு அரசின் கடமை

தனிமனிதனின் தக்வா மட்டும் போதுமென்று இஸ்லாம் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற நூலில் இரண்டு பொறுப்புகளை விளக்குகிறார்கள். ஒன்று 'ஹிஸ்பா': கடைத்தெருவில் எடைக்கற்களையும் அளவைகளையும் சோதித்து, கலப்படத்தையும் ஏமாற்றையும் தடுக்கும் அதிகாரியின் பணி. மற்றொன்று 'மளாலிம்': அதிகாரிகளே மக்களுக்கு அநீதி செய்தால் முறையிடும் மன்றம். எடைக்கல்லைச் செய்தவனிடமே சோதனையை ஒப்படைக்கவில்லை, வேறொருவர் சோதித்தார். அரசுக்கு எதிராகவும் முறையிட வாசல் இருந்தது.

இன்று உலகம் இதே திசையில்தான் மெல்ல நடக்கிறது. 2020 பிப்ரவரியில் ஹேக் நகர நீதிமன்றம், ஏழை மக்கள் வாழும் பகுதிகளைக் குறிவைத்து மோசடியைத் தேடிய 'சிரி' என்ற அரசுக் கணினி முறையை மனித உரிமைக்கு முரணானது என்று கூறி நிறுத்தியது. 2021 நவம்பரில் யுனெஸ்கோ செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை பற்றிய பரிந்துரையை ஏற்றது. 2023 ஜனவரியில் வத்திக்கானில் ஷைக் அப்துல்லாஹ் பின் பைய்யா முஸ்லிம்கள் சார்பில் கிறிஸ்தவ, யூத சமயத் தலைவர்களோடு சேர்ந்து இது பற்றிய அறைகூவலில் கையொப்பமிட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. மக்களுடைய நடத்தைக்கு மதிப்பெண் போட்டு அநியாயமாகத் தண்டிக்கும் முறைகளுக்கு 2025 பிப்ரவரி முதல் அங்கே தடை. வேலை, கல்வி, வங்கிக் கடன், அரசு உதவி போன்றவற்றில் பயன்படும் இயந்திரங்களுக்கு மனிதக் கண்காணிப்பும் பதிவேடும் வேண்டுமென்று அச்சட்டம் கூறுகிறது. அதன் பகுதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தடையை மீறும் நிறுவனத்திற்கு 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

நம் தமிழ்நாட்டு அரசும் 2020-இல் பாதுகாப்பான, நெறிமுறை சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, பாகுபாடின்மை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. கேட்பதற்கு மக்கள் இருந்தால்தான் அது உயிர் பெறும்.

நீங்கள் செய்யவேண்டியவை

பெற்றோர்களே! உங்கள் உதவித்தொகையோ, கடனோ, பிள்ளையின் விண்ணப்பமோ மறுக்கப்பட்டால் 'கணினியில் வரவில்லை' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு எங்கே என்று கேளுங்கள். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு எழுதிக் கொடுங்கள். அது ஸதகா.

இளைஞர்களே! உங்களில் பலர் இந்த இயந்திரங்களை உருவாக்கும் நிறுவனங்களில் பணிபுரிகிறீர்கள். 'நான் சம்பளத்திற்கு நிரல் எழுதுகிறேன், முடிவெடுப்பது மேலதிகாரி' என்று மறுமையில் தப்பமுடியாது. உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. இது யாருக்குத் தீங்கு செய்யும் என்று சோதனைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்புவதும் உங்கள் ஹலாலான சம்பாத்தியத்தின் பகுதியே.

தாய்மார்களே! தலாக், வாரிசுரிமை போன்றவற்றிற்கு இயந்திரத்திடம் ஃபத்வா கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது சொல்லும் ஹதீஸுக்கு நூலையும் எண்ணையும் ஆலிம்களிடம் சரிபாருங்கள். உருவாக்கப்பட்ட படத்தையும் குரலையும் உண்மையென நம்பிப் பிறருக்கு அனுப்பாதீர்கள். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் அல்ஹுஜுராத் 6-ஆம் வசனம் கைபேசிக்கும் பொருந்தும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நம் பள்ளியில் நாங்கள் நான்கு விதிகளை எழுதி வைத்துள்ளோம். மனுதாரரின் விவரம் அவருடைய அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. நேரில் கேட்காமல் எவரையும் மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கையொப்பமிட்டவரே பதில் சொல்லவேண்டும். கூட்டல் கழித்தலுக்கும் கடிதம் எழுதவும் கணினி இருக்கட்டும். நாம் அதை வெறுக்கவில்லை. ஆனால் ஏழையின் முகத்தைப் பார்த்து முடிவு சொல்வது மனிதனுடைய வேலை.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! தமக்கு முன் வரும் வழக்கில் ஒருவர் வாக்குவன்மையால் மற்றவருடைய உரிமையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டால், தம்முடைய தீர்ப்பே அவருக்கு அதை ஹலாலாக்கிவிடாது, அது நெருப்பின் துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பைக் காட்டியே பிறர் உரிமையை ஹலாலாக்கிக்கொள்ள முடியாதென்றால், ஓர் இயந்திரத்தின் மதிப்பெண்ணைக் காட்டி நாளை மஹ்ஷரில் யார் தப்பமுடியும்? அங்கே இயந்திரம் விசாரிக்கப்படாது. அதைச் செய்தவரும், வாங்கியவரும், படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டவரும் விசாரிக்கப்படுவார்கள்.

வல்ல ரஹ்மானே! எங்களுடைய கைகளால் எந்த ஏழையின் உரிமையும் பறிபோகாமல் எங்களைக் காப்பாயாக! அறியாமல் செய்த அநீதிகளை மன்னித்து, அவற்றைச் சரிசெய்யும் வாய்ப்பை மரணத்திற்கு முன்பே தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் அறிவை நீதிக்குத் துணையாக ஆக்குவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!